பிள்ளை எந்தப் பக்கம்? கலப்புக் குடும்பத்து இளையோரும் நம் கடமையும்

(பிறையில் பெற்றோர்களுக்கும் இளையோருக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். வேலை காரணமாக வர இயலாதவர்களுக்காக இங்கே தரப்படுகிறது.)



இரவு ஷிப்டு முடித்துத் தூங்காமல் வந்திருப்பவர்கள் இங்கே இருக்கிறீர்கள். ஓ.டி.யை விட்டுவிட்டு வந்தவர்களும் இருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நம் குடும்பங்களில் சீன மருமகள் இருக்கிறாள். இந்தோனேசிய மருமகள் இருக்கிறாள். நம் மகள் ஒருத்தி சீனப் பையனைக் கட்டியிருக்கிறாள், இன்னொருத்தி மலாய்க்காரரைக் கட்டியிருக்கிறாள். கடாசான், இபான், பிலிப்பினோ உறவுகளும் உண்டு. பிறையில் தொழிற்பேட்டை இருக்கிறது. எல்லா இனத்தாரும் ஒரே கேண்டீனில் சாப்பிட்டு ஒரே பஸ்ஸில் போய்வரும் ஊர் இது. இங்கே இனம் கலக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். திருமணம் நடந்துவிட்டது, பிள்ளைகளும் பிறந்துவிட்டார்கள். இது சரியா தவறா என்று வாதாட நான் வரவில்லை. அந்தப் பிள்ளைகளை நாம் எப்படி வளர்க்கிறோம், அவர்களுடைய உரிமைகளை எப்படிக் காக்கிறோம் என்பதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

முதலில் நம்மையே கேட்டுக்கொள்வோம்

"எங்களை இனத்தைப் பார்த்து ஒதுக்காதே" என்று இந்தச் சமுதாயம் அரசாங்கத்திடம் கேட்கிறது. வேலையில் கேட்கிறோம், பல்கலைக்கழக இடத்தில் கேட்கிறோம், வாடகை வீடு தேடும்போதும் கேட்கிறோம். "இந்தியருக்கு வீடு இல்லை" என்று ஒருவர் சொன்னால் நமக்கு இரத்தம் கொதிக்கிறது. கொதிக்கத்தான் வேண்டும்.

ஆனால் நம் வீட்டுக் கல்யாணத்தில், நம் கோவில் மண்டபத்தில், பாதிச் சீன முகத்தோடு ஒரு பையன் வந்து நின்றால் நாம் என்ன சொல்கிறோம்? "சப்பை மூக்கு" என்கிறோம். "இது யாரு, சீனப்பிள்ளையா?" என்று அவன் காதுபடவே கேட்கிறோம். இன்னும் மோசமாக, "கலப்படம்" என்கிறோம். கலப்படம் என்பது எண்ணெய்க்கும் பாலுக்கும் சொல்லும் சொல். பெற்ற பிள்ளைக்குச் சொல்லும் சொல்லா அது?

அதே பையன் அம்மா வழி உறவினர் வீட்டுக்குப் போனால் அங்கே "கெலிங்" என்கிறார்கள். அங்கே கறுப்பு, இங்கே சப்பை மூக்கு. இரண்டு வீடு இருந்தும் உட்கார ஒரு திண்ணை இல்லை. பதினான்கு பதினைந்து வயதில் அவன் யாரோடு போய்ச் சேருவான்? "நீ யார்" என்று கேட்காமல் சேர்த்துக்கொள்ளும் கூட்டத்தோடுதான் சேருவான். அந்தக் கூட்டம் நல்ல கூட்டமாக இருந்தால் நம் அதிர்ஷ்டம். இல்லையென்றால் அவன் லாக்கப்பில் இருக்கும்போது என்னைப் போன்ற வழக்கறிஞருக்குப் போன் வரும். நம் பிள்ளைகள் குண்டர் கும்பலில் சேர்கிறார்கள் என்று மேடைதோறும் அழுகிறோமே, வீட்டில் அவர்களுக்கு இடம் கொடுத்தோமா என்று யாராவது கேட்டோமா?

தைப்பூசத்தன்று பினாங்கில் சீனர்கள் இரத ஊர்வலத்துக்குத் தேங்காய் உடைக்கிறார்கள், பால்குடம் எடுக்கிறார்கள், காவடியும் எடுக்கிறார்கள். நாம் பெருமையோடு படம் பிடித்து எல்லோருக்கும் அனுப்புகிறோம். அதே சீனப் பெண் நம் வீட்டுக்கு மருமகளாக வந்தால் மட்டும் முகம் சுளிக்கிறோம். முருகன் ஏற்றுக்கொண்டவளை மாமியார் ஏற்றுக்கொள்ளக் கூடாதா?

நம் வரலாறு என்ன சொல்கிறது?

"இப்படியே கலந்தால் தமிழினம் அழிந்துவிடும்" என்று பெரியவர்கள் சிலர் கவலைப்படுகிறார்கள். அந்தக் கவலையை நான் கேலி செய்யமாட்டேன். சிறுபான்மையாக வாழும் எந்த இனத்துக்கும் அந்தப் பயம் இருக்கும். ஆனால் வரலாற்றையும் கொஞ்சம் பார்ப்போம்.

மலாக்காவில் செட்டிகள் இருக்கிறார்கள். பல நூற்றாண்டுகளுக்கு முன் வணிகம் செய்ய வந்த தமிழர்கள் உள்ளூர்ப் பெண்களை மணந்து உண்டான சமூகம் அது. அவர்கள் வீட்டில் பேசுவது மலாய். ஆனால் இன்றும் சைவர்கள், பொங்கல் வைக்கிறார்கள், முன்னோருக்குப் படையல் போடுகிறார்கள். 1781இல் எழுப்பப்பட்ட பொய்யாத விநாயகர் ஆலயம் அவர்களுடையது. நம் பினாங்கில் தமிழ் முஸ்லிம் வணிகர்களும் மலாய்ப் பெண்களும் மணந்து உண்டான ஜாவி பெரானாக்கான் சமூகம் இருக்கிறது. இந்த நாட்டின் பத்திரிகை, வணிகம், அரசாங்க வேலை என்று எல்லாத் துறைகளிலும் அவர்களுடைய கை இருக்கிறது.

இன்னும் கிட்டத்தில் வாருங்கள். உங்கள் பாட்டி காலத்துத் தோட்டத்தை நினைத்துப் பாருங்கள். பெண் குழந்தை வேண்டாம் என்று சீனக் குடும்பங்கள் கொடுத்த குழந்தைகளைத் தமிழ்க் குடும்பங்கள் வாங்கி வளர்த்தன. அந்தப் பெண்கள் தமிழ் பேசினார்கள், சேலை கட்டினார்கள், தீ மிதித்தார்கள், தமிழருக்கே வாழ்க்கைப்பட்டார்கள். இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் சிலருடைய பாட்டியே அப்படி வளர்ந்தவராக இருக்கலாம். அந்தப் பாட்டி தமிழச்சி இல்லை என்று யாராவது சொன்னோமா? முகத்தைப் பார்க்காமல் மடியில் போட்டு வளர்த்தவர்கள் படிக்காத பால்மரத் தொழிலாளிகள். படித்த நாம்தான் மூக்கை அளக்கிறோம்.

மலாக்கா செட்டிகள் மொழியை இழந்தார்கள். ஆனால் வழிபாட்டைக் காத்துக்கொண்டார்கள். தோட்டத்தில் வளர்ந்த சீனப் பெண் குழந்தைகள் தமிழைப் பெற்றார்கள், ஏனென்றால் தமிழ்த்தாயின் மடியில் வளர்ந்தார்கள். இரத்தத்தில் கலப்பு வந்ததால் பண்பாடு அழிவதில்லை. கையிலே கொடுக்காததால் அழிகிறது. கொடுத்தால் வாங்கிக்கொள்ள அந்தப் பிள்ளை தயாராகத்தான் இருக்கிறது. "நீ எங்கள் ஆள் இல்லை" என்று விரட்டிவிட்டு, பிறகு "தமிழ் பேசத் தெரியவில்லையே" என்று குறை சொல்வது என்ன நியாயம்?

'லயின்-லயின்' என்ற பெட்டி

பள்ளிப் பாரத்திலும் வேலைப் பாரத்திலும் மலாய், சீனர், இந்தியர், லயின்-லயின் என்று நான்கு பெட்டிகள் இருக்கின்றன. கலப்புக் குடும்பத்துப் பிள்ளை பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு விழிக்கிறது. தீபகற்ப மலேசியாவில் வழக்கமாகத் தந்தையின் இனமே பிள்ளையின் இனமாகப் பதியப்படுகிறது. அப்பா தமிழர், அம்மா சீனர் என்றால் பிள்ளை இந்தியர். அம்மா தமிழர், அப்பா சீனர் என்றால் பிள்ளை சீனர். அம்மாவுக்கு அங்கே கணக்கே இல்லை.

கூட்டரசு அரசியலமைப்புச் சட்டத்தைப் புரட்டிப் பாருங்கள். 160ஆம் பிரிவில் 'மலாய்க்காரர்' என்பதற்கு விளக்கம் உண்டு. 'இந்தியர்' என்றால் யார், 'சீனர்' என்றால் யார் என்பதற்கு எங்கும் விளக்கம் இல்லை. ஒரு பிள்ளை பாதி இந்தியர், முழு இந்தியர் என்று அளக்கும் கோலை அரசியலமைப்புச் சட்டமே யார் கையிலும் கொடுக்கவில்லை.

இந்தப் பெட்டிகள் பிள்ளைகளின் வாழ்க்கையோடு விளையாடியதும் உண்டு. 2009இல் சரவாக்கில் இபான் தந்தைக்கும் சீனத் தாய்க்கும் பிறந்த மாணவி ஒருவர் எஸ்.பி.எம். தேர்வில் மிகச் சிறந்த தேர்ச்சி பெற்றும், கலப்பில் பிறந்ததால் பூமிபுத்ரா அல்ல என்று மெட்ரிகுலேசன் இடம் மறுக்கப்பட்டார். நாடே பேசிய விவகாரம் அது. ஒரு பெற்றோர் பூர்வகுடியாக இருந்தாலே போதும் என்று சரவாக் தன் சட்டத்தைத் திருத்த 2022 ஆனது. அண்டை நாடான சிங்கப்பூரில் 2011 முதல் பெற்றோர் இருவரின் இனத்தையும் சேர்த்தே பதிந்துகொள்ளலாம். அதாவது பெட்டியை மாற்ற முடியும். மனிதர்கள் போட்ட கோட்டை மனிதர்கள் அழிக்கலாம். அதுவரை உங்கள் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்கள்: பெட்டி அரசாங்கத்தின் வசதிக்கு, உன் மரியாதைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பத்திரம் இல்லாத பாசம் பிள்ளையைக் காக்காது

இனி சட்டத்துக்கு வருகிறேன். இதைக் கவனமாகக் கேளுங்கள், தெரியாத நாலு பேருக்குச் சொல்லுங்கள்.

முதலாவது, திருமணப் பதிவு. 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் 1ஆம் தேதி நடப்புக்கு வந்தது. அதற்குப் பிறகு, முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணம் சட்டப்படி பதியப்பட்டால்தான் திருமணம். ஐயர் வைத்து ஓமம் வளர்த்துத் தாலி கட்டி ஆயிரம் பேருக்குச் சாப்பாடு போட்டாலும், பதியவில்லை என்றால் சட்டத்தின் கண்ணில் நீங்கள் கணவன் மனைவி இல்லை. நம் கோவில்கள் சிலவற்றில் துணைப் பதிவதிகாரி இருக்கிறார். இல்லையென்றால் தேசியப் பதிவு இலாகாவுக்குப் போகலாம். வேலை அதிகமில்லை, ஆனால் நாம்தான் தள்ளிப் போடுகிறோம்.

இதில் கலப்புக் குடும்பத்துக்கு என்ன ஆபத்து? அம்மா மலேசியப் பிரஜை, பிள்ளை இந்த நாட்டிலே பிறந்தது என்றால், திருமணம் பதியாவிட்டாலும் பிள்ளைக்கு அம்மா வழியாகக் குடியுரிமை உண்டு. ஆனால் அப்பா மலேசியர், அம்மா வெளிநாட்டவர், திருமணம் பதியவில்லை என்றால் கதை வேறு. திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளை தாயின் குடியுரிமையைத்தான் பின்பற்றும் என்று அரசியலமைப்புச் சட்டத்தின் இரண்டாவது அட்டவணை சொல்கிறது. அப்பா பிறையில் பிறந்து வளர்ந்த தமிழராக இருக்கலாம். பிள்ளை செபராங் ஜெயா மருத்துவமனையில் பிறந்திருக்கலாம். பிறப்புப் பத்திரத்தில் மட்டும் 'பூக்கான் வார்கானகாரா', குடிமகன் அல்ல என்று எழுதப்படும்.

"பிறகு பதிவு செய்துகொண்டால் போச்சு" என்று நினைக்கிறீர்களா? 2021 மே 28ஆம் தேதி கூட்டரசு நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. மலேசியத் தந்தை, பிலிப்பினோ தாய். பிள்ளை பிலிப்பைன்ஸில் பிறந்த சில மாதங்களுக்குப் பிறகுதான் பெற்றோர் திருமணம் பதிந்தார்கள். ஏழு நீதிபதிகளில் நான்கு பேர் பிள்ளைக்குத் தந்தை வழிக் குடியுரிமை இல்லை என்றார்கள், மூன்று பேர் உண்டு என்றார்கள். ஒரே ஒரு நீதிபதியின் வித்தியாசத்தில் ஒரு சிறுவன் தந்தையின் நாட்டை இழந்தான். பிறந்த நேரத்தில் பெற்றோர் திருமணம் செய்திருந்தார்களா என்பதுதான் பெரும்பான்மை நீதிபதிகள் பார்த்தது. ஆகவே தாமதம் என்பது சின்ன விஷயம் அல்ல.

தொழிற்சாலையில் வேலை செய்யும் தம்பிகளுக்குத் தனியாகச் சொல்கிறேன். வெளிநாட்டுப் பெண்ணை விரும்புவது குற்றம் இல்லை. ஆனால் தொழிலாளர் பெர்மிட்டில் வந்தவர் இங்கே திருமணம் செய்யக்கூடாது என்பது அந்தப் பெர்மிட்டின் நிபந்தனை. அதனால்தான் பலர் கோவிலில் மாலை மாற்றிக்கொண்டு அப்படியே குடும்பம் நடத்துகிறார்கள். விளைவைச் சுமப்பது பிள்ளை. குடும்பம் தொடங்கும் முன்பே வழக்கறிஞரைப் பாருங்கள். பிள்ளை பிறந்தபின் வந்தால் பாதி வழி அடைபட்டிருக்கும்.

இரண்டாவது, பிறப்புப் பதிவு. தீபகற்பத்தில் 60 நாட்களுக்குள் பதியவேண்டும். பெற்றோர் திருமணம் பதியவில்லை என்றால், அப்பா பெயரைப் பத்திரத்தில் எழுத இருவரும் சேர்ந்து கேட்டுக் கையெழுத்துப் போடவேண்டும். "வெட்கமாக இருக்கிறது" என்று போகாமல் இருக்காதீர்கள். நம் வெட்கத்துக்குப் பிள்ளை வாழ்நாள் முழுவதும் வட்டி கட்டும். பன்னிரண்டு வயதில் மைகாட் எடுக்கமுடியாது. பிறகு பேங்க் கணக்கு, லைசென்ஸ், வேலை, இ.பி.எஃப். என்று ஒவ்வொரு கதவிலும் நிற்கவேண்டியிருக்கும்.

மூன்றாவது, ஏற்கெனவே குடியுரிமை இல்லாமல் இருக்கும் பிள்ளைகள். அரசியலமைப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவின்கீழ், சிறப்புச் சூழ்நிலையில் பிள்ளையைக் குடிமகனாகப் பதிய அரசாங்கத்துக்கு அதிகாரம் உண்டு. அதற்கு மனுச் செய்யலாம். 2024இல் நாடாளுமன்றம் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தியது. வெளிநாட்டில் பிள்ளை பெறும் மலேசியத் தாய்மார்களுக்கும் தந்தையரைப் போலவே உரிமை தரும் திருத்தம் அது. அந்த நல்ல திருத்தத்தோடு, இத்தகைய மனுக்களுக்கான வயது வரம்பை 21இலிருந்து 18ஆகக் குறைக்கும் திருத்தமும் சேர்ந்தே நிறைவேறியது. சிவப்பு ஐசி வைத்திருக்கும் நிரந்தர வாசிகளின் பிள்ளைகளுக்கு இங்கே பிறந்ததால் தானாகக் கிடைத்துவந்த குடியுரிமையை நீக்குவதும் அதில் அடங்கும். உங்கள் பிள்ளையின் பிறந்த தேதிக்கு எந்த விதி பொருந்தும் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். "இருபது வயதில் பார்த்துக்கொள்ளலாம்" என்று இருக்காதீர்கள். மனுவின் நகலையும் ரசீதையும் பத்திரமாக வையுங்கள். பதில் வர ஆண்டுகள் ஆகும். நிராகரித்தால் மறுபடியும் போடுங்கள்.

பத்திரம் இல்லாததால் பிள்ளையை வீட்டில் வைத்துவிடாதீர்கள். பெற்றோரில் ஒருவராவது மலேசியர் என்றால் பத்திரமில்லாத பிள்ளையையும் அரசாங்கப் பள்ளியில் சேர்த்துக்கொள்ளலாம் என்று கல்வி அமைச்சு 2019 முதல் நடைமுறையை எளிதாக்கியது. ஒரு பள்ளியில் முடியாது என்றால் மாவட்டக் கல்வி இலாகாவுக்குப் போய் எழுத்தில் பதில் கேளுங்கள். வாயால் சொல்லும் 'தா போலே'க்கு மேல்முறையீடு கிடையாது. எழுத்தில் கொடுத்தால் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

பெற்றோர் பிரிந்தால் பிள்ளையை ஆயுதமாக்காதீர்கள்

கலப்புக் குடும்பத்தில் சண்டை வந்தால் மொழியும் மதமும் கத்தியாகிவிடும். இதில் இரண்டு தாய்மார்களின் வழக்கை எல்லோரும் தெரிந்திருக்கவேண்டும்.

ஈப்போவைச் சேர்ந்த ஆசிரியை எம். இந்திரா காந்தி. 2009இல் அவருடைய கணவர் மதம் மாறினார், தாய்க்குத் தெரியாமலே மூன்று பிள்ளைகளையும் மதம் மாற்றினார், கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனார். ஒன்பது ஆண்டுகள் அந்தத் தாய் நீதிமன்றப் படி ஏறினார். 2018 ஜனவரி 29ஆம் தேதி ஐந்து நீதிபதிகள் கொண்ட கூட்டரசு நீதிமன்றம் ஒருமனதாக அந்த மதமாற்றத்தை ரத்து செய்தது. பிள்ளையின் மதத்தை மாற்றத் தாய் தந்தை இருவரின் சம்மதமும் வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பு. ஆனால் தீர்ப்பு வந்த பிறகும் மகளின் முகத்தைப் பார்க்காமல் அந்தத் தாயின் அலைச்சல் ஆண்டுக்கணக்கில் நீண்டது.

இரண்டாவது, லோ சியூ ஹொங். இவர் சீனப் பெண். கணவர் தமிழர். நாம் பேசுகிற கலப்புக் குடும்பம்தான். இரட்டைப் பெண் பிள்ளைகள், ஒரு மகன். 2020 ஜூலையில் தந்தை, தாயின் சம்மதம் இல்லாமல் பெர்லிஸில் மூவரையும் மதம் மாற்றினார். 2021இல் பிள்ளைகளின் பராமரிப்பு உரிமையை நீதிமன்றம் தாயிடம் கொடுத்தது. அப்படியும் பிள்ளைகள் அவர் கைக்கு வரவில்லை. 2022 பிப்ரவரி 21ஆம் தேதி ஆட்கொணர்வு மனுவில் உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகுதான் சேர்ந்தார்கள். மதமாற்றத்தை எதிர்த்த வழக்கில் 2023 மே மாதம் உயர் நீதிமன்றத்தில் தோற்றார். 2024 ஜனவரி 10ஆம் தேதி மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வென்றார். எதிர்த்தரப்பு மேலும் முறையிடக் கேட்ட அனுமதியை அதே ஆண்டு மே 14ஆம் தேதி கூட்டரசு நீதிமன்றம் மறுத்தது.

இந்த வழக்குகள் எந்த மதத்துக்கும் எதிரானவை அல்ல. இஸ்லாத்தைத் தானாக விரும்பி ஏற்ற தமிழர்கள் நம் சொந்தங்களாகத்தான் இருக்கிறார்கள். வயது வந்தவர் எதை நம்புவது என்பது அவரவர் மனம். ஆனால் பிள்ளைக்காக முடிவெடுக்கும்போது தாயைத் தள்ளிவிட்டுத் தந்தையோ, தந்தையைத் தள்ளிவிட்டுத் தாயோ தனியாகச் செய்யக்கூடாது. நாம் இந்திரா காந்திக்காகக் குரல் கொடுத்தோம். லோ சியூ ஹொங்குக்காக எத்தனை பேர் கொடுத்தோம்? அவர் சீனத்தி என்று நினைத்தோமா? அவருடைய பிள்ளைகள் நம் பிள்ளைகளும்தானே!

அதேபோல, பிரிந்துபோன சீன மருமகள் பிள்ளையைப் பார்க்க வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பும் மாமியார்களும் நம்மிடம் உண்டு. 1999இல் திருத்தப்பட்ட சிறார் பாதுகாவலர் சட்டப்படி தாய்க்கும் தந்தைக்கும் சம உரிமை. இந்திராவுக்கு ஒரு நியாயம், மருமகளுக்கு வேறு நியாயமா?

வீட்டில் என்ன செய்யலாம்?

சட்டம் பிள்ளைக்குக் கூரை போடும். உள்ளே விளக்கேற்றுவது குடும்பம்தான்.

மொழியைக் கொடுங்கள். அப்பா தமிழிலே பேசட்டும், அம்மா அவர் மொழியிலே பேசட்டும். பிள்ளை குழம்பிவிடும் என்று பயப்படாதீர்கள். பினாங்கில் சந்தைக்கடை அண்ணன் நான்கு மொழி பேசி வியாபாரம் செய்கிறார், அவர் குழம்பியா போனார்? தமிழ்ப்பள்ளியில் சேர முகம் தடை இல்லை. பிறப்புப் பத்திரத்தில் 'சீனர்' என்று இருந்தாலும் பிள்ளை தமிழ்ப்பள்ளியில் படிக்கலாம். தேசியப் பள்ளியில் சேர்த்திருந்தால், குறைந்தது பதினைந்து மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தமிழ் வகுப்பு நடத்தவேண்டும் என்பது 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்திலேயே இருக்கிறது. பதினைந்து குடும்பத்தைச் சேர்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

இரண்டு பக்கப் பாட்டியையும் கொடுங்கள். தீபாவளிக்கு நம் வீடு என்றால், சீனப் புத்தாண்டுக்கும் செங் பெங்குக்கும் ஆ மா வீடு. அங்கே ஊதுபத்தி ஏற்றினால் நம் சாமி கோபித்துக்கொள்ளாது. ஒரு பக்கத்து உறவை அறுத்தால் பிள்ளை இன்னொரு பக்கம் முழுதாக வந்துவிடும் என்று நினைப்பது தப்புக்கணக்கு. அறுத்த இடம் ஆறாது.

அம்மாவைப் பற்றிப் பிள்ளை முன்னால் இழிவாகப் பேசாதீர்கள். "சீனத்தி புத்தி", "தமிழன் புத்தி" என்று கோபத்தில் வரும் சொல், பிள்ளையின் பாதி உடம்பைத் திட்டுகிறது. பள்ளியில் யாராவது கேலி செய்தால் "விடு, விளையாட்டுக்குத்தான்" என்று தள்ளாதீர்கள். ஆசிரியரிடம் போய்ப் பேசுங்கள். பிள்ளை கதவைச் சாத்திக்கொண்டு யாரோடும் பேசாமல் இருந்தால், பள்ளிக்குப் போக மறுத்தால், அதை அடம் என்று எடுத்துக்கொள்ளாமல் பள்ளி ஆலோசக ஆசிரியரைப் பாருங்கள். வீட்டில் அடி உதை என்றால் தாலியான் காசே 15999 எண்ணுக்கு எந்த நேரமும் அழைக்கலாம்.

கோவில் நிர்வாகத்தினருக்கும் இளைஞர் மன்றத்தினருக்கும் ஒரு வேண்டுகோள். தேவார வகுப்பு, பரதநாட்டியம், காற்பந்து என்று எது நடத்தினாலும் இந்தப் பிள்ளைகளை நீங்களே போய் அழையுங்கள். அவர்கள் தயங்கி வெளியே நிற்பார்கள். வந்து நின்றால் "நீ யார் மகன்?" என்று கேளுங்கள், "நீ என்ன இனம்?" என்று கேட்காதீர்கள்.

தம்பி, தங்கைகளே!

உங்களுக்கு ஒரு வார்த்தை. "நீ தமிழனா, சீனனா?" என்று கேட்பவனுக்கு நீங்கள் விடை சொல்லக் கடமைப்பட்டவர்கள் இல்லை. நீங்கள் பாதி பாதியாகப் பிறக்கவில்லை. இரண்டையும் முழுதாக எடுத்துக்கொள்ளலாம், அதைத் தடுக்கச் சட்டம் இல்லை. அரசியலமைப்புச் சட்டத்தின் 8ஆம் பிரிவு குடிமக்களை மதம், இனம், வம்சாவளி, பிறந்த இடம், பால் என்ற காரணங்களுக்காக வேறுபடுத்தக்கூடாது என்கிறது. அதில் விதிவிலக்குகள் இருக்கின்றன. அந்த விதிவிலக்குகளோடுதான் நம் போராட்டமும். அந்தப் போராட்டத்தில் உங்களுக்கும் இடம் உண்டு. இரண்டு வீட்டு வலியும் தெரிந்தவர்கள் நீங்கள். நாளைக்கு ஒரு சீனத் தொழிலாளியிடமும் ஒரு தமிழ்த் தொழிலாளியிடமும் போய், "நம் இருவருக்கும் பிரச்சினை ஒன்றுதான்" என்று அவரவர் மொழியிலே சொல்லக்கூடியவர் எங்களில் எத்தனை பேர்? உங்களால் முடியும்.

பெரியோர்களே, இன்றிரவு வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். அலமாரியைத் திறந்து திருமணப் பத்திரம், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், ஐசி எல்லாம் எடுத்துப் பாருங்கள். பெயர் சரியா, அப்பா அம்மா பெயர் இருக்கிறதா, குடியுரிமைக் கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் படியுங்கள். குறை இருந்தால் ஒளிக்காமல் கொண்டுவாருங்கள். வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையம் பினாங்கில் இருக்கிறது, அரசாங்கத்தின் சட்ட உதவி இலாகாவும் இருக்கிறது. பணம் இல்லை என்பதற்காக எந்தப் பிள்ளையும் நாடில்லாமல் நிற்கக்கூடாது.

அக்கம்பக்கத்தில் இப்படி ஒரு குடும்பம் ஒதுங்கி வாழ்கிறது என்றால், அடுத்த கூட்டத்துக்கு அவர்களையும் கையோடு கூட்டிவாருங்கள். ஒரு சமுதாயத்தின் பலம் எத்தனை பேரை வெளியே நிறுத்தினோம் என்பதில் இல்லை, எத்தனை பேரை விட்டுக்கொடுக்காமல் வைத்துக்கொண்டோம் என்பதில்தான் இருக்கிறது.